ஒருவேளைச் சோறு, 13 வருஷக் காத்திருப்பு: மதுரையில் துறவியாக வாழ்ந்த இத்தாலியப் பிரபு... யார் இந்த ‘தத்துவ போதகர்’?

மதுரையிலிருந்து மேலூர் ரோட்டில் போனால் சுமார் 10 கிலோமீட்டரில் ஒத்தக்கடை. எப்பவும் பரபரப்பா இருக்கிற பஸ் ஸ்டாப், வரிசையா டீக்கடைகள், வேளாண் கல்லூரி, கூப்பிடு தூரத்தில் உயர் நீதிமன்றக் கிளை. இத்தனைக்கும் பின்னால், படுத்திருக்கும் யானை மாதிரி ஒரே பாறையாக நீண்டு கிடக்கிறது யானைமலை.

அந்த மலையில் சமணத் துறவிகள் படுத்துறங்கிய கற்படுக்கைகள் இன்றும் இருக்கின்றன. அங்கே தமிழ் பிராமி எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கின்றன. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு செதுக்கிய தீர்த்தங்கரர் சிற்பங்களும் உள்ளன. அடிவாரத்தில், கி.பி. 770-ல் பாண்டிய அமைச்சர் மாறன்காரி குடைவித்த நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோயில் இருக்கிறது. அங்கே பெருமாள் யோக நிலையில் அமர்ந்திருக்கிறார். வழிபாடு வேறு, தத்துவம் வேறு. ஆனால் அடக்கத்துக்கு இரண்டிலுமே முக்கிய இடம் உண்டு.

மதுரை மண்ணுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருத்தர் என்ன பேசுகிறார் என்று கேட்பதற்கு முன்னால், அவர் எப்படிச் சாப்பிடுகிறார், எப்படி வாழ்கிறார் என்று பார்க்கும். தன்னை அடக்கத் தெரியாதவர் அடுத்தவருக்கு என்ன சொல்லிவிட முடியும் என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரு வெளிநாட்டுக்காரர், 400 ஆண்டுகளுக்கு முன்பு மதுரைக்கு வந்தார். இத்தாலியப் பிரபுக் குடும்பத்துப் பிள்ளை. கறி, மீன், முட்டை, மது எல்லாவற்றையும் விட்டார். நாளுக்கு ஒருவேளை மட்டும் சாப்பிட்டார். அப்படியே ஏறக்குறைய அரை நூற்றாண்டு வாழ்ந்தார். அவர் பெயர் ராபர்ட் தெ நொபிலி. தமிழர்கள் அவரை அழைத்த பெயர், தத்துவ போதகர்.

யார் இந்த நொபிலி?

1577-ல் பிறந்தவர். இத்தாலியின் டஸ்கனி பகுதியில் உள்ள மோன்டெபுல்சியானோ நகரத்துப் பிரபுக் குடும்பம். சாதாரணக் குடும்பம் இல்லை. போப்பாண்டவர் மூன்றாம் ஜூலியஸ் இவர்களுக்கு உறவு. கலிலியோ விவகாரத்தில் பெயர் அடிபட்ட கர்தினால் பெல்லார்மினும் உறவு. மூத்த மகன் என்பதால் குடும்பப் பெயரும் சொத்தும் அவருக்குத்தான் வந்திருக்கும்.

ஆனால் அவர் சேசு சபையில் சேர்ந்து துறவியாக வேண்டும் என்றார். வீட்டில் கடும் எதிர்ப்பு. அதை மீறி, இருபதை ஒட்டிய வயதில் நேப்பிள்ஸ் நகரில் சபையில் சேர்ந்தார்.

1604-ல் லிஸ்பனிலிருந்து கப்பல் ஏறினார். வழியில் மொசாம்பிக் அருகே கப்பல் சேதமானது. 1605 மே மாதம் கோவாவுக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்து கொச்சி, பிறகு முத்துக்குளித்துறைக் கடற்கரை. 1606 நவம்பரில் மதுரை. அப்போது அவருக்கு வயது 29.

மதுரையில் அவர் பார்த்தது என்ன?

அது நாயக்கர் ஆட்சிக்காலம். மதுரையில் முத்துக் கிருஷ்ணப்ப நாயக்கர் ஆண்டுகொண்டிருந்தார். நொபிலிக்கு முன்பே அங்கே ஒரு சேசு சபைக் குரு இருந்தார். கொன்சாலோ பெர்னாண்டஸ், போர்ச்சுகீசியர், முன்னாள் படைவீரர். ஒரு பள்ளிக்கூடமும், ஏழைகளுக்கு ஒரு மருந்தகமும் நடத்திவந்தார். ஊருக்கு வந்துபோகும் பரதவக் கிறிஸ்தவர்களுக்கும் போர்ச்சுகீசியர்களுக்கும் அவர்தான் குரு.

பெர்னாண்டஸ் நல்ல மனிதர், கடின உழைப்பாளி. ஆனால் பத்து வருஷத்துக்கு மேல் அங்கிருந்தும் உள்ளூர் மக்களில் யாரும் அவருடைய மதத்தில் சேரவில்லை. ஏன்?

காரணம், ‘பரங்கி’ என்ற ஒரு சொல். அன்றைய மதுரையில் அது வெறும் வெளிநாட்டவரைக் குறிக்கும் சொல் இல்லை. மாட்டுக்கறி தின்பவர், குடிப்பவர், குளிக்காதவர், ஆசாரம் இல்லாதவர் என்று எல்லாம் சேர்ந்த ஒரு வசைச்சொல். கடற்கரையில் வாழ்ந்த போர்ச்சுகீசியப் படைவீரர்களையும் வியாபாரிகளையும் பார்த்து வந்த பெயர். கிறிஸ்தவராவது என்றால் பரங்கியாவது என்றே மக்கள் நினைத்தார்கள். மதம் மாற வருபவரிடம் பரங்கிக் குலத்தில் சேரச் சம்மதமா என்று கேட்கும் வழக்கமே இருந்ததாக நொபிலி புகார் சொன்னார்.

யோசிச்சுப் பாருங்க. ஒரு மதத்தைப் பற்றி மக்களுக்குத் தெரிந்த ஒரே விஷயம், அதைப் பின்பற்றுபவர்களுக்குக் கட்டுப்பாடு கிடையாது என்பதுதான். அதன் பிறகு அங்கே என்ன பிரசங்கம் செய்து என்ன பயன்?

கிறிஸ்தவத்தில் தன்னடக்கம் என்றால் என்ன?

இதில் ஒரு முரண் இருக்கிறது. தன்னடக்கம் கிறிஸ்தவத்துக்குப் புதிய சரக்கே இல்லை. புனித பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் 5-வது அதிகாரத்தில், தூய ஆவி தரும் கனிகள் என்று ஒன்பது குணங்கள் பட்டியலிடப்படுகின்றன. அந்தப் பட்டியல் அன்பில் தொடங்கித் தன்னடக்கத்தில் முடிகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இதே சொல் ‘இச்சையடக்கம்’ என்று வரும். பவுல் இதை ஓட்டப்பந்தய வீரர்களோடும் ஒப்பிட்டிருக்கிறார். வாடிப்போகும் வெற்றி மாலைக்காகவே அவர்கள் அத்தனை கட்டுப்பாட்டோடு இருக்கிறார்களே என்பது அவர் வாதம்.

நொபிலி சேர்ந்த சேசு சபையோ இதை ஒரு பயிற்சியாகவே வைத்திருந்தது. சபையை நிறுவிய இக்னேசியஸ் லொயோலாவின் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ 1548-ல் அச்சானது. தன்னை வெல்வதுதான் அந்தப் பயிற்சிகளின் நோக்கம் என்று அவர் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். அதில் சாப்பாட்டுக்கென்றே எட்டு விதிகள் உண்டு.

அவற்றில் ஒரு விதி இன்றைக்கும் யாரும் முயன்று பார்க்கலாம். அடுத்த வேளைக்கு எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பசிக்கும்போது முடிவு செய்யாதே. சாப்பிட்டு முடித்து, பசியே இல்லாத நேரத்தில் முடிவு செய். அப்புறம் எவ்வளவு ஆசை வந்தாலும் அந்த அளவைத் தாண்டாதே. ராத்திரி 11 மணிக்கு போனில் பிரியாணி ஆர்டர் போடப்போகும் விரலுக்கு, 16-ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் அறிவுரை இது.

ஆக, நொபிலி மதுரைக்கு வரும்போதே அடக்கத்தில் பயிற்சி பெற்றவர். ஆனால் அந்த அடக்கம் மதுரைக்காரர்களின் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர்கள் கண்ணுக்கு அவர் கறுப்பு அங்கி போட்ட இன்னொரு பரங்கி. அவ்வளவுதான்.

அவர் என்ன செய்தார்?

கேரளத்தில் ஆயராக இருந்த பிரான்சிஸ்கோ ரோஸிடமும், சபையின் மாநிலத் தலைவர் அல்பெர்டோ லயர்சியோவிடமும் அனுமதி வாங்கினார். பிறகு பெர்னாண்டஸின் வீட்டை விட்டு வெளியேறி, ஊருக்குள் தனியாக ஒரு மண்வீட்டில் குடியேறினார்.

கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டுக் காவி உடுத்தினார். தோல் செருப்பு போய்ப் பாதக்குறடு வந்தது. தலையை மழித்துக் குடுமி வைத்தார். நெற்றியில் சந்தனம், கையில் கமண்டலமும் கோலும். பூணூலும் அணிந்தார், அதில் சிலுவை தொங்கியது. இந்தப் பூணூல்தான் பின்னால் பெரிய வில்லங்கமாக மாறியது.

உணவு? சோறு, காய்கறி, கீரை, பால். அதுவும் நாளுக்கு ஒரேவேளை. பூசையில் சடங்குக்காக அருந்தும் திராட்சை இரசம் தவிர, மதுவைத் தொடவில்லை. டஸ்கனி திராட்சைத் தோட்டங்களுக்குப் பேர்போன இடம். அங்கே மேஜையில் ரொட்டியும் மதுவும் இறைச்சியும் இல்லாத சாப்பாட்டை நினைத்தும் பார்க்க மாட்டார்கள். அப்படி வளர்ந்தவர், மதுரை வெயிலில், ஒருவேளைச் சோற்றில் வாழத் தொடங்கினார்.

உடம்பை அடக்கியதோடு நிற்கவில்லை. நாக்கையும் பழக்கினார். தமிழை மக்கள் வியக்கும் அளவுக்குக் கற்றார். தெலுங்கும் படித்தார். சிவதர்மர் என்ற பிராமணப் பண்டிதரிடம் சமஸ்கிருதம் கற்றார். அந்த மொழியை ஆழமாகக் கற்ற முதல் ஐரோப்பியர்களில் ஒருவராக வரலாறு அவரைச் சொல்கிறது. ஒரு பள்ளி ஆசிரியரோடு மறுபிறவி பற்றி நாட்கணக்கில் உட்கார்ந்து விவாதித்தார். அந்த ஆசிரியர்தான் அவரிடம் முதலில் ஞானஸ்நானம் பெற்றவர்.

வாசலில் கூட்டம் சேர ஆரம்பித்தது. கேட்க வந்தவர்கள் முதலில் பார்த்தது அவருடைய இலையைத்தான். திருக்குறளில் அடக்கமுடைமைக்கும், புலால் மறுத்தலுக்கும், தவத்துக்கும், துறவுக்கும் தனித்தனி அதிகாரங்கள் உண்டு. யானைமலைச் சமணத் துறவிகளின் மரபிலும் நாளுக்கு ஒருவேளை உணவுதான் விதி. அந்த மரபில் ஊறிய ஊருக்கு, நொபிலியின் வாழ்க்கை மொழிபெயர்ப்பே தேவையில்லாமல் புரிந்தது.

இது வேஷம் இல்லையா?

அன்றே எழுந்த கேள்வி இது. இன்றும் கேட்கப்படுகிறது. மதம் பரப்பத் துறவி வேஷம் போட்டார் என்பது ஒரு தரப்பு. மக்களை மதித்து அவர்கள் வாழ்க்கையைத் தானும் ஏற்றார் என்பது இன்னொரு தரப்பு.

மதம் பரப்பத்தான் வந்தார் என்பதில் ஒளிவுமறைவே இல்லை. அதை அவரும் மறைக்கவில்லை. தான் பரங்கி அல்ல, ரோமாபுரியிலிருந்து வந்த உயர்குடித் துறவி என்று ஓலையில் எழுதி வாசலில் அறிவிப்பு வைத்தார். தன் சபைக்காரரான பெர்னாண்டஸிடமிருந்து விலகி நின்றார். அதெல்லாம் சரியா என்று கேட்க வேண்டியதுதான்.

ஆனால் வேஷமா, விரதமா என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. பார்க்க ஆள் இல்லாதபோது அவர் என்ன செய்தார்? அதற்குப் பதில் அவருடைய கடைசிக் காலத்தில் இருக்கிறது. அதற்கு முன்பு, சாப்பாட்டை விடக் கஷ்டமான ஒரு சோதனை அவருக்கு வந்தது.

சொந்த சபையே எதிர்த்தபோது...

1610-ல் பெர்னாண்டஸ் மேலிடத்துக்குப் புகார் அனுப்பினார். நொபிலி இந்துச் சடங்குகளைக் கிறிஸ்தவத்தில் கலக்கிறார், பூணூல் அணிகிறார், மற்றக் கிறிஸ்தவர்களைத் தள்ளிவைக்கிறார் என்பவை குற்றச்சாட்டுகள். பெர்னாண்டஸும் வெறும் கோபத்தில் பேசியவர் அல்ல. பிராமணச் சடங்குகள் குறித்து 1616-ல் ஒரு விரிவான ஆய்வையே எழுதி முடித்தவர் அவர்.

விவகாரம் கொச்சிக்குப் போனது, கோவாவுக்குப் போனது, கடைசியில் ரோமுக்கும் போனது. அந்தக் காலத்தில் ஒரு கடிதம் ஐரோப்பாவுக்குப் போய்ப் பதில் வர வருஷக்கணக்கில் ஆகும். மருமகன் மதம் மாறிவிட்டார் என்கிற அளவுக்கு வதந்தி பரவி, உறவினரான கர்தினால் பெல்லார்மினே வருத்தத்தோடு கண்டித்துக் கடிதம் எழுதினார். நொபிலி விளக்கம் அனுப்பிய பிறகுதான் அவர் ஆதரவாளரானார்.

1613-ல் சபையின் புதிய மாநிலத் தலைவர் ஒரு தடை போட்டார். நொபிலி இனி புதிதாக யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது. எதற்காக வீட்டை விட்டாரோ, எதற்காகக் கடல் கடந்தாரோ, எதற்காக ஒருவேளைச் சோற்றில் வாழ்ந்தாரோ, அந்த வேலையையே செய்யக் கூடாது என்பதுதான் உத்தரவு.

இங்கேதான் அவருடைய அடக்கத்தின் நிஜமான பரீட்சை. மதுரையில் அவருக்குச் சீடர்கள் இருந்தார்கள், மரியாதை இருந்தது. தடை போட்டவர்களோ தொலைவில் இருந்தார்கள். மீறியிருக்கலாம். சபையை விட்டு விலகித் தனி மடம் கண்டிருக்கலாம். இல்லை, எல்லாவற்றையும் உதறிவிட்டு இத்தாலிக்குக் கப்பல் ஏறியிருக்கலாம்.

அவர் எதையும் செய்யவில்லை. தடைக்குக் கட்டுப்பட்டார். அதே சமயம் வாயை மூடிக்கொண்டு உட்காரவும் இல்லை. இந்தியர்களின் வழக்கங்கள் எவை, எவை சமயம் சார்ந்தவை, எவை வெறும் சமூக அடையாளங்கள் என்று பிரித்துக்காட்டி, சமஸ்கிருத நூல்களைச் சான்று காட்டி லத்தீனில் ஒரு விரிவான அறிக்கையை அதே 1613-ல் எழுதினார். பூணூல் குலத்தின் அடையாளமே தவிர வழிபாட்டின் அடையாளம் அல்ல என்பது அவர் வாதம்.

கட்டுப்படுவது வேறு, ஒப்புக்கொள்வது வேறு. உத்தரவை மீறாமலே அது தவறு என்று வாதாட முடியும் என்று அவர் காட்டினார். அலுவலகத்தில் மேலதிகாரியோடு கருத்து வேறுபாடு வந்தால் சிலர் ராஜினாமா மெயில் அடிக்கிறார்கள், சிலர் உள்ளுக்குள்ளேயே புழுங்குகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மூன்றாவது வழி இருக்கிறது. அது மெதுவான வழி, வலி அதிகம்.

1619-ல் கோவாவில் பெரிய விசாரணை மாநாடு நடந்தது. மதுரைத் துறவிக் கோலத்திலேயே போய் நின்றார். சொந்தச் சகோதரத் துறவிகளே முகம் சுளித்தார்கள். கோவாப் பேராயர் கடுமையாக எதிர்த்தார். பெரும்பான்மை அவருக்கு எதிராகவே இருந்தது. விவகாரம் மறுபடியும் ரோமுக்குப் போனது.

1623 ஜனவரி 31. போப் பதினைந்தாம் கிரகோரி தீர்ப்பளித்தார். பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றை, சமயச் சடங்குகளாக இல்லாமல் சமூக வழக்கங்களாகப் பின்பற்றத் தடையில்லை. புகார் கிளம்பி 13 வருஷம் ஆகியிருந்தது. 33 வயதில் குற்றம் சாட்டப்பட்டவர், விடுவிக்கப்பட்டபோது 46-ஐ நெருங்கிக்கொண்டிருந்தார்.

ஜெயிச்சுட்டார்... ஆனால்?

கதையை இங்கேயே ‘வென்றார்’ என்று முடித்துவிடலாம். ஆனால் முடிக்க முடியாது. அந்தப் போப்பின் ஆவணத்திலேயே ஒரு வேண்டுகோள் இருந்தது. பிறப்பால் உயர்ந்தவர்கள் என்று எண்ணுபவர்கள், மற்றவர்களை, குறிப்பாகக் கோயிலுக்குள், இழிவாக நினைக்கக் கூடாது என்பதே அது.

அந்த வேண்டுகோளுக்குக் காரணம் இருந்தது. நொபிலி எடுத்துக்கொண்ட விரதம் சாப்பாட்டோடு நிற்கவில்லை. யாரோடு பழகுவது, யார் வீட்டில் தண்ணீர் குடிப்பது, யாரைப் பக்கத்தில் சேர்ப்பது என்பதெல்லாம் அதில் சேர்ந்தே வந்தன. உயர்சாதியினர் மதிக்கும் துறவியாக வாழ வேண்டுமானால் அவர்களுடைய தீட்டு விதிகளையும் ஏற்க வேண்டியிருந்தது. பெர்னாண்டஸின் கோயிலுக்கு வந்த பரதவர்களும் ஏழைகளும் ஒரு பக்கம், நொபிலியின் சீடர்கள் இன்னொரு பக்கம். ஒரே மதம், ஒரே ஊர், இரண்டு கோயில்.

சாதி என்பது சமூக ஏற்பாடு, சமயத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை என்று அவர் பிரித்தார். அந்தப் பிரிப்புதான் அவருக்குத் தீர்ப்பை வாங்கிக் கொடுத்தது. அதே பிரிப்புதான் திருச்சபைக்குள் சாதிக்கு இடம் கொடுத்தது என்று பல வரலாற்றாளர்களும் தலித் கிறிஸ்தவச் சிந்தனையாளர்களும் விமர்சிக்கிறார்கள். தனி வரிசை, தனிக் கல்லறை என்று தமிழகத் தேவாலயங்களில் பின்னாளில் நடந்த போராட்டங்களைப் பார்த்தவர்கள், அந்த விமர்சனத்தை லேசில் தள்ளிவிட முடியாது.

பவுலின் பட்டியலுக்கே மறுபடி போகலாம். கடைசியில் தன்னடக்கம், முதலில் அன்பு. கடைசிக் கனியில் நொபிலியை மிஞ்ச ஆளில்லை. முதல் கனி எல்லோருக்கும் எட்டியதா என்பதுதான் அவர் மீதான நிரந்தரக் கேள்வி.

அந்தக் கேள்வி அவர் காலத்திலேயே எழுந்து, பாதிப் பதிலும் கிடைத்தது. 1640-ல் ‘பண்டார சுவாமிகள்’ என்ற புதிய ஏற்பாடு தொடங்கியது. பல்தசார் தா கோஸ்டா என்ற குரு, பண்டாரத் துறவிகளின் உடையில், எளிய மக்களிடையே போய்ப் பணி செய்யத் தொடங்கினார். எளிமையும் கட்டுப்பாடும் அப்படியே இருந்தன. ஆனால் சுவர் கொஞ்சம் இறங்கியது. மதுரை மிஷனில் பெரும்பாலான மக்கள் பிற்காலத்தில் சேர்ந்தது இந்த வழியாகத்தான்.

சிறை, பார்வையிழப்பு, மயிலாப்பூர்

1623-க்குப் பிறகு நொபிலி மதுரையோடு நிற்கவில்லை. திருச்சி, சேந்தமங்கலம், சேலம் என்று நடந்தார். 1640-ல் மதுரையில் சிறையில் அடைக்கப்பட்டார். அப்போது திருமலை நாயக்கர் ஆட்சி. அவருக்கு வயது 60-ஐத் தாண்டியிருந்தது.

இத்தனைக்கும் நடுவில் எழுதிக்கொண்டே இருந்தார். ஞானோபதேசம், ஆத்தும நிருணயம், தூஷணத் திக்காரம் போன்ற உரைநடை நூல்கள் அவருடையவை. செய்யுளே இலக்கியம் என்று இருந்த காலத்தில், சிக்கலான தத்துவத்தைத் தமிழ் உரைநடையில் எழுதிக்காட்டினார். கோவில், பூசை, குரு, வேதம், பிரசாதம் என்று தமிழ் மக்கள் ஏற்கெனவே பயன்படுத்திய சொற்களையே கிறிஸ்தவத்துக்கும் எடுத்துக்கொண்டார். அன்றைய மற்றக் குருக்கள் பலர் போர்ச்சுகீசியச் சொற்களை அப்படியே ஒலிபெயர்த்துக்கொண்டிருந்தார்கள்.

பார்வை மங்கியது. 1640-களின் நடுவில் மேலிடம் அவரை மதுரையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது. 40 வருஷம் வாழ்ந்த ஊரை விட்டுப் போகச் சொன்னபோதும் கட்டுப்பட்டார். பிறகு மயிலாப்பூர்.

இங்கேதான் அந்த வேஷக் கேள்விக்கான பதில் கிடைக்கிறது. மயிலாப்பூர் அன்று போர்ச்சுகீசியர் குடியிருப்பு. சுற்றிலும் ஐரோப்பியர்கள். ரொட்டி, மது, இறைச்சி எல்லாம் கைக்கெட்டும் தூரம். காவி பார்த்துக் கும்பிட வரும் கூட்டம் இல்லை. கவர வேண்டிய பண்டிதர்கள் இல்லை. ஏறக்குறையப் பார்வையே போன 70 வயதுக் கிழவர், கொஞ்சம் நல்ல சாப்பாடு சாப்பிட்டால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் மாறவில்லை. அதே எளிய குடிசை, அதே சோறு, அதே கீரை. கண் தெரியாததால் சொல்லச் சொல்லப் பிறரை எழுதவைத்துத் தன் நூல்களைத் திருத்திக்கொண்டிருந்தார். 1656 ஜனவரி 16 அன்று அங்கேயே இறந்தார். அப்போது வயது 78.

அதற்குப் பிறகு?

அவர் போட்ட பாதையில் இன்னும் பலர் வந்தார்கள். அருளானந்தர் என்று தமிழர் அழைக்கும் ஜான் தெ பிரிட்டோ, பண்டார சுவாமியாக மறவர் நாட்டில் பணி செய்து, 1693-ல் ஓரியூரில் கொல்லப்பட்டார். மதுரை அருகே கருமாத்தூரில் உள்ள கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் வந்த வீரமாமுனிவரும் துறவிக் கோலத்தில் தமிழ் கற்று இலக்கியம் படைத்தவர்.

1744-ல் போப் பதினான்காம் பெனடிக்ட், மலபார் சடங்குகள் என்று பெயர் பெற்ற இந்த வழக்கங்களில் பலவற்றுக்கு முற்றுப்புள்ளி வைத்தார். நொபிலி 13 வருஷம் காத்திருந்து பெற்ற அனுமதியில் பெரும்பகுதி, அவர் இறந்து நூறு வருஷம் முடிவதற்குள் போய்விட்டது. 20-ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் திருச்சபை உள்ளூர்ப் பண்பாட்டை மதிப்பது பற்றிப் பேசத் தொடங்கியபோது, நொபிலியின் பெயர் மறுபடியும் வெளியே வந்தது.

இன்றைக்கு இதில் என்ன இருக்கிறது?

தன்னடக்கம் என்றதும் இன்று நினைவுக்கு வருவது டயட் ஆப், 16 மணி நேர விரதம், தவக்காலத்தில் நாற்பது நாள் கறி தவிர்ப்பது. இவை நல்ல விஷயங்கள்தான். ஆனால் நொபிலியின் வாழ்க்கையில் சாப்பாடு முதல் படி மட்டுமே.

இரண்டாவது படி, தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று தெரிந்தும் கோபத்தில் எதையும் உடைக்காமல் காத்திருப்பது. 13 வருஷக் காத்திருப்போடு ஒப்பிட்டால், ஒருவேளைச் சோறு சுலபம். மூன்றாவது படி, பார்க்க ஆளில்லாத இடத்திலும் அதையே தொடர்வது.

நான்காவதாக ஒரு படி இருக்கிறது. அங்கேதான் அவர் தடுமாறினார். அடக்கம் யாருக்காக என்ற கேள்வி அது. தன் ஆசையை அடக்குகிற அதே கை, அடுத்தவரைத் தள்ளிவைக்கவும் பயன்பட்டால், அந்த விரதத்தில் ஏதோ குறைகிறது. அதனால்தானோ என்னவோ, பவுலின் பட்டியலில் அன்புதான் முதலில் நிற்கிறது.

ஒத்தக்கடையில் டீ குடித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தால் யானைமலை தெரியும். அங்கே கல்லில் படுத்துறங்கிய சமணர்களும், மதுரை மண்வீட்டில் ஒருவேளை சாப்பிட்ட இத்தாலியரும் வேறு வேறு நம்பிக்கைக்காரர்கள். இந்த ஊர் இவர்கள் எல்லோரையும் பார்த்திருக்கிறது. சொன்னதைக் கேட்பதற்கு முன்னால், எப்படி வாழ்ந்தார்கள் என்று பார்த்திருக்கிறது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.